அந்த ரெண்டு விடை எங்க போச்சு?

கோவம் இன்னும் அடங்கல. எழுதிட்டாத்தான் தூக்கம் வரும்போல இருக்கு.

அக்கா பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா. டியூஷன்ல முக்கோணவியல் டெஸ்ட் வச்சிருக்காங்க. அதுல ஒரு கேள்வி:

சைன் 2அ = சைன் அ
0 டிகிரியில இருந்து 360 டிகிரிக்குள்ள எல்லா விடையும் கண்டுபிடி. (0 சேரும், 360 சேராது.)

(கோணத்தை இந்தப் பதிவு முழுக்க 'அ'ன்னு எழுதுறேன். தீட்டாவோ வேற எதுவோ, பேரு எதுவா இருந்தா என்ன, கணக்கு ஒண்ணுதான்.)

அவ எழுதின விடை: 0, 60, 180, 300.

பேப்பர்ல 0 மேலயும் 180 மேலயும் சிவப்பு மையில அடிச்சிருக்காங்க. பாதி மார்க் போச்சு. ஆன்சர் கீயில 60, 300 மட்டும்தான் இருக்குதாம்.

"சித்தி, 0 போட்டுப் பாத்தேன், ரெண்டு பக்கமும் பூஜ்யம் வருது. 180 போட்டாலும் பூஜ்யம்தான் வருது. அப்புறம் எப்படி சித்தி அது விடை இல்லாம போகும்?"

அவ இப்படிக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, சொல்லி மாளாது. சமன்பாட்டுக்கு விடைன்னா என்ன? போட்டுப் பாத்தா ரெண்டு பக்கமும் சமமா வரணும். அவ்வளவுதான். அதுக்கு மேல கைடு சொல்லுச்சு, கீ சொல்லுச்சுன்னு யாரு சொன்னாலும் செல்லாது. அந்தப் புள்ள போட்டுப் பாத்திருக்கா. கீ தயார் பண்ணவங்க போட்டுப் பாக்கல.

சரி, அந்த ரெண்டு விடை எங்கதான் போச்சு?

கீயில இருந்த ஸ்டெப்பை அப்படியே தர்றேன்.

சைன் 2அ = 2 சைன் அ காஸ் அ (இது முற்றொருமை, தப்பே இல்ல)
2 சைன் அ காஸ் அ = சைன் அ
2 காஸ் அ = 1
காஸ் அ = 1/2
அ = 60, 300

ரெண்டாவது வரிக்கும் மூணாவது வரிக்கும் நடுவுல பாருங்க. ரெண்டு பக்கமும் சைன் அ இருக்குன்னு அடிச்சு விட்டுட்டாங்க. அடிக்கிறதுன்னா சைன் அ-வால வகுக்கிறது. பூஜ்யத்தால வகுக்கக் கூடாதுன்னு ஆறாவதுலயே சொல்லிக் குடுத்தாச்சு. சைன் அ பூஜ்யமா இல்லையான்னு நமக்கு இன்னும் தெரியாது. 'அ' என்னன்னு தேடிக்கிட்டுத்தானே இருக்கோம்! அது பூஜ்யமா இருக்கிற இடம் 0, 180. வகுத்த அந்த நொடியிலயே அந்த ரெண்டும் காலி.

வகுக்காம எல்லாத்தையும் ஒரே பக்கம் கொண்டு வாங்க:

2 சைன் அ காஸ் அ − சைன் அ = 0
சைன் அ (2 காஸ் அ − 1) = 0

இப்ப ரெண்டு காரணி. ஏதாவது ஒண்ணு பூஜ்யமா இருந்தா போதும். சைன் அ = 0 ஆனா 0, 180. காஸ் அ = 1/2 ஆனா 60, 300. நாலும் கைக்கு வந்துருச்சு. எழுத வேண்டியது ஒரே ஒரு வரிதான் அதிகம்.

நம்பிக்கை வரலைன்னா படம் போடுங்க. அவ பேப்பரோட பின்பக்கத்துலயே போட்டுக் காட்டினேன். சைன் அ ஒரு அலை. 360 டிகிரிக்குள்ள ஒரு தடவை ஏறி இறங்கி வரும். சைன் 2அ அதைவிட ரெண்டு மடங்கு வேகம், ரெண்டு தடவை ஏறி இறங்கும். ரெண்டும் 0-ல ஒண்ணாக் கிளம்புது. 60-ல ஒண்ணை ஒண்ணு வெட்டுது. 180-ல அச்சு மேலயே சந்திக்குது. 300-ல திரும்ப வெட்டுது. நாலு இடம். கண்ணுக்கு முன்னாடி நாலு இடம் தெரியுது, கீயில ரெண்டு இருக்கு!

இந்த ஒரு கணக்குக்காக மட்டும் இவ்வளவு கோவம் இல்ல. இந்தப் பாடத்தை நடத்துற விதமே எனக்கு ஒப்பல. முற்றொருமைகளை மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க. அதுல ஒண்ணைப் போட்டு ரெண்டு பக்கத்தையும் சுருக்கிட்டா வேலை முடிஞ்ச மாதிரி நடத்துறாங்க. அது பாதி வேலைதான். எந்த விடையும் தொலையாம, இல்லாத விடை எதுவும் உள்ள வராம, எல்லாத்தையும் எண்ணி முடிக்கிறதுதான் மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியிலதான் மார்க்கும் போகுது, அழகும் இருக்கு.

முதல் பாதியைச் சீக்கிரம் சொல்லிடறேன்.

ஃபார்முலாவை அட்டையில எழுதிச் சுவத்துல ஒட்டுறதை நான் தப்பு சொல்லல. ஆனா சமன்பாட்டைப் பாத்ததும் அட்டையைப் பாக்காதீங்க, சமன்பாட்டையே இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க. கேக்க வேண்டியது ரெண்டே கேள்வி. எத்தனை விதமான கோணம் இருக்கு? (அ, 2அ, 3அ...) எத்தனை விதமான சார்பு இருக்கு? (சைன், காஸ், டேன்...) இந்த ரெண்டையும் ஒண்ணொண்ணாக் குறைக்கிறதுக்குத்தான் முற்றொருமை.

உதாரணத்துக்கு:

காஸ் 2அ + 3 சைன் அ = 2

காஸ் 2அ-வுக்கு மூணு முகம் இருக்கு. காஸ்²அ − சைன்²அ. 2 காஸ்²அ − 1. 1 − 2 சைன்²அ. மூணும் உண்மைதான். ஆனா பக்கத்துல யாரு நிக்கிறா? சைன். அப்ப சைன் மட்டும் இருக்கிற முகத்தைத்தான் எடுக்கணும்.

1 − 2 சைன்²அ + 3 சைன் அ = 2
2 சைன்²அ − 3 சைன் அ + 1 = 0
(2 சைன் அ − 1)(சைன் அ − 1) = 0

சைன் அ = 1/2 அல்லது 1. விடை 30, 150, 90. வெறும் இருபடிச் சமன்பாடு, பத்தாவதுல போட்டதுதான். காஸ் இருக்கிற முகத்தை எடுத்திருந்தா காஸும் சைனும் கலந்து நின்னு உயிரை வாங்கியிருக்கும்.

(இன்னொண்ணும் சொல்லணும். சைன் கூட்டல் சூத்திரம், காஸ் கூட்டல் சூத்திரம், இந்த ரெண்டும் கையில இருந்தா அட்டையில இருக்கிற முக்காவாசியைத் தாள்லயே வருவிச்சுக்கலாம். ரெண்டு கோணத்தையும் சமமா வச்சா 2அ சூத்திரம். அதுல ஒரு அ-வைச் சேத்தா 3அ சூத்திரம். பரீட்சை ஹால்ல மறந்து போனாலும் பதறத் தேவையில்ல.)

இனி நான் ரொம்ப ரசிக்கிற இடத்துக்கு வர்றேன்.

சைன் அ + காஸ் அ = 1

பாக்கறதுக்கு எவ்வளவு சாது! இதை வேற வேற வழியில போட்டுப் பாருங்க, ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு குணம் காட்டும்.

முதல் வழி, ஸ்கொயர் பண்றது. எல்லாரும் முதல்ல இதைத்தான் பண்ணுவாங்க. சைன்² + காஸ்² = 1 கண் முன்னாடி நிக்குதே, கை தானா அங்கதான் போகும்.

சைன்²அ + காஸ்²அ + 2 சைன் அ காஸ் அ = 1
1 + சைன் 2அ = 1
சைன் 2அ = 0
அ = 0, 90, 180, 270

நாலு விடை. போட்டுப் பாருங்க. 0: 0 + 1 = 1, சரி. 90: 1 + 0 = 1, சரி. 180: 0 − 1 = −1. தப்பு! 270: −1 + 0 = −1. இதுவும் தப்பு!

அந்த ரெண்டும் எங்கிருந்து வந்துச்சு? சைன் அ + காஸ் அ = −1ங்கிற வேற ஒரு சமன்பாட்டோட விடைங்க அது. 1-ஐ ஸ்கொயர் பண்ணாலும் 1, −1-ஐ ஸ்கொயர் பண்ணாலும் 1. ஸ்கொயர் பண்ணதுக்கு அப்புறம் நாம எந்தச் சமன்பாட்டுல இருந்து வந்தோம்னு கணக்குக்கு ஞாபகம் இருக்காது. வலையை அகலமா வீசினா மீனோட பாசியும்தான் வரும். வீசறது தப்பில்ல, கரையில உக்காந்து பிரிக்கணும்.

வகுத்தா விடை தொலையும். ஸ்கொயர் பண்ணா இல்லாத விடை உள்ள வரும். ரெண்டுல ஸ்கொயர் பண்றது எவ்வளவோ மேல்ங்கிறது என் கட்சி. கூட வந்ததைப் போட்டுப் பாத்துத் தள்ளிடலாம். தொலைஞ்சதைப் போட்டுப் பாக்க முடியுமா? அது தாள்லயே இருக்காதே.

ரெண்டாவது வழி. ரெண்டு பக்கத்தையும் √2-ஆல வகுங்க. (இது எண். பூஜ்யம் இல்லன்னு தெரியும், தாராளமா வகுக்கலாம்.) 1/√2-ங்கிறது காஸ் 45-ம் தான், சைன் 45-ம் தான். கூட்டல் சூத்திரத்தைத் திருப்பிப் படிச்சா:

சைன் (அ + 45) = 1/√2

அ + 45 = 45 அல்லது 135. அ = 0 அல்லது 90. பிரிக்க வேண்டிய வேலையே இல்ல, விடை சுத்தமா வந்துருச்சு. சைனும் காஸும் கூட்டல்ல நின்னா எனக்கு இந்த வழிதான். இதுல இன்னொரு லாபமும் இருக்கு. 3 சைன் அ + 4 காஸ் அ = 6-னு ஒரு கணக்கு வந்தா இடது பக்கம் அதிகபட்சம் √(9 + 16), அதாவது 5 வரைக்கும்தான் போகும். 6-ஐ எப்படித் தொடும்? விடையே கிடையாதுன்னு எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போயிடலாம். ஸ்கொயர் பண்ண ஆரம்பிச்சிருந்தா பக்கம் பக்கமா ஓடியிருக்கும்.

மூணாவது வழி, அரைக்கோணம். டேன் (அ/2)-வை 'ட'ன்னு வச்சுக்கிட்டா:

சைன் அ = 2ட / (1 + ட²)
காஸ் அ = (1 − ட²) / (1 + ட²)

சைன், காஸ் ரெண்டும் போயி ஒரே ஒரு 'ட'. எந்தச் சமன்பாட்டையும் இப்படிச் சாதாரண இயற்கணிதமா மாத்திடலாம். ஜேஇஇ படிக்கிற பசங்க கிட்ட இதை சர்வரோக நிவாரணி மாதிரி சொல்லிக் குடுக்கிறாங்க. போட்டுப் பாப்போம்.

2ட + 1 − ட² = 1 + ட²
2ட = 2ட²

(இங்கயும் ட-வை அடிக்கக் கூடாது!) ட = 0 அல்லது 1. அ/2 = 0 அல்லது 45. அ = 0 அல்லது 90. பிரமாதம்.

இப்ப அதே வழியில சைன் அ + காஸ் அ = −1 போடுங்க. இதுக்கு விடை 180, 270-னு மேல பாத்தாச்சு. அதனால என்ன வரணும்னு நமக்குத் தெரியும்.

2ட + 1 − ட² = −1 − ட²
2ட = −2
ட = −1
அ/2 = 135
அ = 270

180 எங்க?

இந்த இடத்துல நாம எதையும் வகுக்கல, எதையும் அடிக்கல. ஒவ்வொரு வரியும் சரி. ஆனாலும் ஒரு விடை காணோம். முதல் தடவை இதைப் பாத்தப்ப நாற்காலியை விட்டு எழுந்து நடக்கவே ஆரம்பிச்சுட்டேன், அவ்வளவு சுவாரஸ்யம்.

விஷயம் இதுதான். அ = 180-னா அ/2 = 90. டேன் 90-க்கு மதிப்பே கிடையாது. "டேன் (அ/2)-வை ட-ன்னு வச்சுப்போம்"னு சொன்ன வார்த்தையிலயே 180-ஐ வாசலுக்கு வெளிய நிறுத்திட்டோம். அதுக்கப்புறம் உள்ள எவ்வளவு ஒழுங்கா வேலை பாத்தாலும் அது எப்படி வரும்? முற்றொருமைன்னா எல்லாக் கோணத்துக்கும் உண்மைன்னு சொல்லிக் குடுக்கிறாங்க. ரெண்டு பக்கமும் மதிப்பு இருக்கிற எல்லாக் கோணத்துக்கும் உண்மைன்னு சேத்துச் சொல்லணும். டேன், செக், கொசெக், காட் வர்ற எந்த முற்றொருமைக்கும் இந்த நிபந்தனை உண்டு.

அதோட, இந்தக் கணக்கு நமக்கு ஒரு சைகையும் காட்டுச்சு. முதல் வரியைத் திரும்பப் பாருங்க. ரெண்டு பக்கமும் −ட² இருந்து ஒண்ணோட ஒண்ணு கழிஞ்சு போச்சு. இருபடியா வர வேண்டியது ஒருபடியா இறங்கிருச்சு. படி இறங்கினா ஒரு விடை நழுவிருச்சுன்னு சந்தேகப்படுங்க. 180-ஐத் தனியாப் போட்டுப் பாருங்க. அரைக்கோண வழியில போறவங்க எல்லாரும் கடைசியில 180-ஐத் தனியா ஒரு தடவை போட்டுப் பாக்கணும்னு ஒரே வரி சொல்லிக் குடுத்தா போதும்.

அடுத்தது எண்ணுற வேலை.

சைன் 3அ = 1/2

0-ல இருந்து 360 வரைக்கும். பெரும்பாலான பசங்க 3அ = 30, 150; அதனால அ = 10, 50-னு முடிச்சுடுவாங்க. ஆனா 'அ' ஒரு சுத்து சுத்தும்போது 3அ மூணு சுத்து சுத்துது. அதனால 1080 வரைக்கும் போகணும். 30, 150, 390, 510, 750, 870. மூணால வகுத்தா 10, 50, 130, 170, 250, 290. ஆறு விடை. (பொதுத் தீர்வுன்னு புத்தகத்துல ஒரு சூத்திரம் இருக்கே, அதோட வேலையே இதுதான். 360-ஐ எத்தனை தடவை வேணா கூட்டிக்கோ, ஒண்ணையும் விட்டுடாதேன்னு சொல்லுது. முதல்ல பொதுத் தீர்வு, அதுக்கப்புறம் வகுத்தல். இந்த வரிசை மாறவே கூடாது.)

இந்த ஆறையும் வச்சுக்கிட்டு ஒரு வித்தை காட்டட்டுமா?

எக்ஸ் = 2 சைன் அ-ன்னு வைங்க. 3அ சூத்திரத்தை எக்ஸ்-ல எழுதினா:

2 சைன் 3அ = 3எக்ஸ் − எக்ஸ்³

நம்ம கணக்குல சைன் 3அ = 1/2. அதனால 3எக்ஸ் − எக்ஸ்³ = 1. அதாவது எக்ஸ்³ − 3எக்ஸ் + 1 = 0. முப்படிச் சமன்பாடு! இதுல முக்கோணமும் இல்ல, கோணமும் இல்ல. முப்படிக்குன்னு இருக்கிற பழைய கார்டானோ சூத்திரத்துல இதைப் போட்டா, மூணு விடையும் மெய்யெண்ணா இருந்தும் வழியில எதிரெண்ணோட வர்க்கமூலம் வந்து மறிக்கும். நமக்கு அந்தத் தொல்லையே இல்ல. 2 சைன் 10, 2 சைன் 50, 2 சைன் 250. சுமாரா 0.347, 1.532, −1.879. ஆறு கோணம் இருக்கே, மீதி மூணு என்னாச்சு? 170-க்கும் 10-க்கும் சைன் ஒண்ணுதான். 130-ம் 50-ம் அப்படித்தான், 290-ம் 250-ம் அப்படித்தான். கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, பொருந்தும்.

இந்த வித்தையைக் கையில வச்சிருந்த ஒரு மனுஷனோட கதையைச் சொல்லாம இந்தப் பதிவை முடிக்க எனக்கு மனசு வராது.

1593. லூவனைச் சேர்ந்த அட்ரியான் வான் ரோமன் தன்னோட புத்தகத்துல கணித மேதைகளுக்கெல்லாம் ஒரு சவால் விட்டாரு. ஒரு 45-படிச் சமன்பாடு:

எக்ஸ்⁴⁵ − 45எக்ஸ்⁴³ + 945எக்ஸ்⁴¹ − ... + 95634எக்ஸ்⁵ − 3795எக்ஸ்³ + 45எக்ஸ் = ஒரு எண்

அந்த எண்ணு வேற மூலத்துக்குள்ள மூலம்னு அடுக்கடுக்கா இருக்கும். மதிப்புன்னு பாத்தா சுமாரா 0.4158.

பிரெஞ்சு ராஜா நாலாம் ஹென்றி கிட்ட நெதர்லாந்துத் தூதர் ஒருத்தர், "இதைத் தீர்க்கிற ஆளு உங்க நாட்டுல இல்ல"ங்கிற மாதிரி பேசினதாச் சொல்லுவாங்க. ராஜா ஆள் அனுப்பிப் பிரான்சுவா வியேத்தை வரவழைச்சாரு. வியேத் தொழில்ல வக்கீல், அரசவை ஆலோசகர். ஸ்பெயின்காரங்க சங்கேத எழுத்துல எழுதின கடிதங்களை உடைச்சு ராஜாவுக்குப் படிச்சுக் காட்டினவரு. அவரு சமன்பாட்டைப் பாத்தாரு. அங்கயே ஒரு விடை குடுத்தாரு. அடுத்த நாள் இன்னும் 22 குடுத்தாரு.

எப்படி?

இன்னைக்கு நாம எழுதுற முறையில சொல்றேன். 3அ-வுக்கு 3எக்ஸ் − எக்ஸ்³. 5அ-வுக்கு இதே மாதிரி எழுதினா 5எக்ஸ் − 5எக்ஸ்³ + எக்ஸ்⁵. வடிவத்தைப் பாருங்க. ஒற்றைப்படை அடுக்கு மட்டும் வருது. குறி மாறி மாறி வருது. குறியை விட்டுட்டுப் பாத்தா பெரிய அடுக்கோட குணகம் 1. சின்ன அடுக்கோட குணகம் அந்த மடங்கு எண்ணேதான்: 3, 5. இப்ப வான் ரோமனோட சமன்பாட்டைத் திரும்பப் பாருங்க. கடைசியில 45எக்ஸ். இடது பக்கம் முழுசும் 2 சைன் 45அ-வேதான்! 45-படியைப் பாத்து மலைச்சு நிக்க வேண்டியதே இல்ல. அதோட 45 = 3 × 3 × 5, அதனால மூணு, மூணு, அஞ்சுன்னு படிப்படியாவும் உடைக்கலாம்.

வலது பக்கத்து எண்ணையும் அவர் விட்டு வைக்கல. அது ஆரம் 1 உள்ள வட்டத்துக்குள்ள வரைஞ்ச ஒழுங்கான பதினஞ்சு பக்க உருவத்தோட ஒரு பக்கம். அதாவது 2 சைன் 12. ஆக மொத்தம்:

சைன் 45அ = சைன் 12
அ = 12/45 டிகிரி = 16 கலை

(ஒரு டிகிரியில 60 கலை.) எக்ஸ் = 2 சைன் 16 கலை = 0.0093084. போட்டுப் பாப்போமா? 45எக்ஸ் = 0.4188775. அதுல 3795எக்ஸ்³, அதாவது 0.0030608-ஐக் கழிங்க. 95634எக்ஸ்⁵, அதாவது 0.0000067-ஐக் கூட்டுங்க. 0.4158234. 2 சைன் 12 எவ்வளவு? 0.4158234. அடுத்தடுத்த உறுப்பெல்லாம் இந்த ஏழு இலக்கத்தைத் தொடவே தொடாத அளவுக்குச் சின்னது. ராத்திரி இதைப் போட்டு முடிச்சப்ப கைதட்டிட்டேன், வீட்டுல எல்லாரும் எட்டிப் பாத்தாங்க.

இதெல்லாம் முதல் விடைக்கு. மீதி 22-தான் எனக்கு இன்னும் பெருசாத் தெரியுது. சைன் 3அ = 1/2-ல மூணு சுத்து போன மாதிரி இங்க 45 சுத்து போகணும். 45அ = 12, 372, 732... 45-ஆல வகுத்தா ஒவ்வொரு விடைக்கும் நடுவுல 8 டிகிரி இடைவெளி. 16 கலை, 8 டிகிரி 16 கலை, 16 டிகிரி 16 கலை... இப்படியே ஏறி 176 டிகிரி 16 கலை வரைக்கும் போனா மொத்தம் 23. அதுக்கு அடுத்தது 184 டிகிரி 16 கலை. 180-ஐத் தாண்டினா சைன் எதிர்க்குறி ஆகிடும். அந்தக் காலத்துல பெரும்பாலும் எதிரெண்ணை விடையா ஏத்துக்க மாட்டாங்க. அதனால வியேத் 23-ல நிறுத்திக்கிட்டாரு. நாம எதிரெண்ணையும் சேத்துக்கிட்டா இன்னும் 22, மொத்தம் 45. படி எத்தனையோ அத்தனை விடை, ஒண்ணு கூடக் குறையல.

1595-ல தன்னோட பதிலை அச்சுலயே போட்டாரு. வான் ரோமன் அதைப் படிச்சுட்டு வியேத்தை நேர்லயே தேடிப் போய்ப் பாத்தாரு, ரெண்டு பேரும் சிநேகிதம் ஆனாங்க.

ஒரு விடையோட நிறுத்தியிருந்தாலும் ராஜாவுக்கு மானம் பிழைச்சிருக்கும். வியேத் நிறுத்தல. 23-ம் இருக்குன்னு பாத்து எண்ணிக் குடுத்தாரு. இந்தக் கதையைப் பதினொண்ணாம் வகுப்புல பொதுத் தீர்வுக்கு முன்னாடி அரை மணி நேரம் சொன்னா என்ன? எதுக்கு 360-ஐத் திரும்பத் திரும்பக் கூட்டுறோம்னு எந்தப் புள்ளையும் கேக்காது.

டியூஷன்ல பேசியாச்சா, மார்க் திரும்பக் கிடைச்சுதான்னு கேப்பீங்க. பேப்பரையும் அந்தப் படத்தையும் எடுத்துக்கிட்டு அவளே போறேன்னுட்டா. நான் கூட வரட்டுமான்னு கேட்டதுக்கு வேண்டாம்னுட்டா.

இப்ப உங்களுக்கு ஒண்ணு. இதுவரைக்கும் பாக்காத வகை:

சைன் அ + சைன் 3அ + சைன் 5அ = 0

0-ல இருந்து 360-க்குள்ள. மூணு கோணம் இருக்கு, எதை எதோட சேக்கறதுங்கிறதுலதான் இருக்கு விஷயம். பக்கத்துப் பக்கத்துல இருக்கிறதைச் சேத்தா வேலை ஆகாது. ரெண்டு ஓரத்தையும், அதாவது அ-வையும் 5அ-வையும் ஜோடி சேருங்க. ரெண்டோட சராசரி 3அ, அதனால கூட்டலைப் பெருக்கலா மாத்தும்போது நடுவுல காத்துக்கிட்டு இருக்கிற சைன் 3அ பொதுக் காரணியா வெளிய வந்துடும். (அடிச்சுடாதீங்க! வெளிய எடுங்க.) ரெண்டு காரணி கிடைக்கும். ஒண்ணுல இருந்து ஆறு விடை, இன்னொண்ணுல இருந்து நாலு விடை. பத்துன்னு எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு தடவை பாத்துக்கோங்க. எத்தனை வருதுன்னு எழுதுங்க.